கானா வராதவனின் சொற்கள்

பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். பேசட்டும் மகராசன், இன்னும் நல்லாப் பேசட்டும், இவருக்கு அப்புறம் இன்னொருத்தர், அவருக்கு அப்புறம் தலைமை தாங்கும் சிற்றரசு அய்யா, அப்புறம் உறுதிமொழி. உறுதிமொழியில் நான். அய்யர் இல்லை, ஓமப்புகை இல்லை, கஸ்தூரி வீட்டில் அவள் தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான்: மேடையில் நாலு பேர் வாழ்த்திப் பேசுவார்கள், கடைசியில் மாப்பிள்ளையும் பெண்ணும் எழுந்து நின்று, மைக்கில், மண்டபமே கேட்க, இன்னார் ஆகிய நான் இன்னாரை ஏற்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லி மாலை மாற்றினால் கல்யாணம் முடிந்தது. இதைவிட லேசான கல்யாணம் உண்டா என்கிறார்கள். சொல்லமாட்டார்களா பின்னே, அவர்களுக்கு வாயைத் திறந்தால் வார்த்தை வந்து விழுகிறது. எனக்குக் கானா வராது. பானாவும் வராது. வார்த்தைக்கு நடுவில் இருந்தால் ஒன்றும் செய்யாது, சாதுவாகப் போய்விடும். முன்னால் வந்து நின்றுகொண்டால்தான் வம்பு. தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள், நான் வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், க, க, க, க. இந்த லட்சணத்தில் எங்கப்பா எனக்கு வைத்த பேர் கருணாகரன். நான் கட்டிக்கொள்ளப் போகிறவள் பேர் கஸ்தூரி. மடியில் இருக்கிற தாளில் அச்சடித்திருக்கிறார்கள், 'கருணாகரன் ஆகிய நான், கஸ்தூரி அவர்களை' என்று, முதல் வரியிலேயே ரெண்டு கானா, எழுதின புண்ணியவான் நல்லா இருக்கட்டும். நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் பயத்தில் மட்டும் இல்லை, அதுதான் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. திருவிழாவில் ராட்டினம் மேலே ஏறும்போது வருமே, அந்த மாதிரி ஒரு குறுகுறுப்பு, வேண்டாம் வேண்டாம் என்றும் இருக்கிறது, சீக்கிரம் சீக்கிரம் என்றும் இருக்கிறது. பக்கத்தில் கஸ்தூரி மூக்கை லேசாகத் தூக்கி சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் மோப்பம் பிடிக்கிறாள். "சாம்பார் அடிப் பிடிக்குதுங்க" என்று உதடு அசையாமல் சொல்கிறாள். கல்யாணப் பொண்ணு கவலையைப் பாருங்கள்.

திக்குவாய்க்காரனுக்கு ஊரில் யாருக்கும் தெரியாத குறுக்குச் சந்தெல்லாம் தெரியும். வார்த்தைகளைச் சொல்கிறேன். பேசும்போது என் கண் எப்போதும் நாலு வார்த்தை தள்ளித்தான் இருக்கும், அங்கே ஒரு கானா வருகிறது, பானா வருகிறது, வண்டியை ஒடி, வேற சந்தில் விடு. பயம் என்று சொல்ல வராது, அச்சம் என்பேன். கோபம் வராது, ஆத்திரம் என்பேன். எனக்குக் காப்பிதான் உயிர், ஆனால் டீ குடித்தே முப்பத்தஞ்சு வயசாகிவிட்டது, ஏனென்றால் கடையில் நின்று டீ என்று சொல்ல முடியும். சிம்மக்கல்லில் பஸ் ஏறினால் நான் இறங்க வேண்டியது கோரிப்பாளையம், கண்டக்டர் வந்து நின்றதும் தொண்டை அடைக்கும், "தல்லாகுளம் ஒண்ணு" என்றுவிடுவேன், அது அடுத்த ஸ்டாப். சரி, முந்தியே இறங்கித் தொலைக்கலாம் இல்லையா, ஒரு தடவை இறங்கப் போனேன், "தல்லாகுளம்னுதான சார் கேட்டீக, இங்க எறங்குறீக?" என்றார் கண்டக்டர், மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது, அன்றிலிருந்து தல்லாகுளம் வரைக்கும் போய், இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வருகிறவன் நான். வேலைகூடப் பார்த்துப் பொறுக்கின வேலைதான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன். மூச்சை இழுங்க, நிறுத்துங்க, விடுங்க. அவ்வளவுதான், ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்னாலும் ஒரு கானா கிடையாது, பானா கிடையாது. பேஷண்ட் பேரைக் கூப்பிட வேண்டிய இடத்தில் கதவைத் திறந்து "அடுத்தது" என்பேன். பேர் வேண்டாம், அடுத்தது போதும், யாருக்கும் அதில் குறையும் இல்லை. கைதட்டுகிறார்கள். எதற்கு? பேசுகிறவர் ஏதோ நகைச்சுவை சொல்லியிருக்கிறார் போல. நானும் சிரித்து வைக்கிறேன்.

இப்படிச் சந்து பொந்து தேடி அலைந்தவன்தான் கவிதைக்குள் போய் விழுந்தேன். ரசிகன் என்று நினைத்துவிடாதீர்கள், திருடப் போனவன். பள்ளிக்கூடத்துச் சொற்களெல்லாம் தீர்ந்துபோன சமயம், நூலகத்தில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன், கைக்கு எட்டின அலமாரியில் பழைய செய்யுள் புத்தகங்கள், ஒருத்தரும் தொட்டதில்லை என்று தூசியே சொல்கிறது. ஒன்றை எடுத்துப் பின்பக்கம் புரட்டினால், அடேயப்பா, அருஞ்சொற்பொருள்! பக்கம் பக்கமாக! காற்றுக்கு வளி. கட்டிலுக்குச் சேக்கை. பாம்புக்கு அரவு. கப்பலுக்கு நாவாய், எனக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம், ஆனாலும் நாவாய் நாவாய் என்று சொல்லிப் பார்த்தேன், எங்கேயும் முட்டாமல் வழுக்கிக்கொண்டு போகிறது, எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! கல்யாணத்துக்கு வதுவை, மன்றல் என்று ரெண்டு இருந்தது. எனக்கு யார் பெண் கொடுக்கப்போகிறார்கள் என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டேன். செய்யுள் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை, பின்பக்கம் மட்டும், கானாவும் பானாவும் இல்லாத சொல்லாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவேன். வந்து நம்ம ஊரில் செலவழிக்கப் பார்த்தால்தான் தெரிகிறது. கொசுவத்திச் சுருள் வாங்கப் போய், கானாவுக்குப் பயந்து, "நுளம்புச் சுருள் இருக்கா அண்ணாச்சி" என்று கேட்டேன். அவர் அலமாரியெல்லாம் தேடினார், ஏணி போட்டு ஏறித் தேடினார், "அந்தக் கம்பெனி சரக்கு இப்ப வரதில்லையே தம்பி" என்றார். கொசுவோடு படுத்தேன். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, அந்த ராத்திரி கடித்ததெல்லாம் நுளம்பு என்று நினைக்க நினைக்க ஒரு பெருமைதான், கடிக்கும் ஒரு அந்தஸ்து வந்துவிட்டது.

அப்புறம் ஒருநாள் கையில் சிக்கியது அந்த இன்னொரு புத்தகம். பின்பக்கம் மொத்தமும் கரையான் தின்றிருந்தது. திருடப் போன வீட்டில் பீரோவே இல்லை, என்ன செய்ய? சரி, வந்தது வந்தோம் என்று முன்னால் புரட்டிச் செய்யுளைப் படித்தேன். முதல் தடவை ஒன்றும் விளங்கவில்லை. ரெண்டாம் தடவை ஒரு ஆள் தெரிந்தான், நடந்து நடந்து ஓய்ந்துபோய் ஏதோ ஊருக்கு வெளியே நிற்கிறான், பசி. மூன்றாம் தடவை, ஊருக்குள் சமையல் நடக்கிறது. அவன் நிற்கிற இடத்துக்கு ஒன்று வருகிறது. சோறு வரவில்லை, ஆள் வரவில்லை, குய் வருகிறது. அது வந்ததும் நடக்க முடியாதவன் நடக்கிறான். குய்யா? அது என்ன குய்? தெருவில் நடந்தேன், குய். குளித்தேன், குய். எக்ஸ்ரே பிளேட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே குய், எவன் விலா எலும்போ என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. மத்தியானம் வராந்தாவில் வருகிறேன், ஆஸ்பத்திரி கேன்டீனில் எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்துக் கறிவேப்பிலை விழுகிற சத்தம், சர்ரென்று, உடனே அந்த வாசனை, டெட்டால் வாசனையைத் தள்ளிக்கொண்டு எனக்கு நேரே வருகிறது, என் கால் தன்னால் வேகமாகப் போகிறது. அடடா! அடடடா! இதுதானய்யா அது! தாளிக்கிற வாசனைக்கு ஒரு பேர் இருக்கிறது, என் ஆயுசெல்லாம் மூக்கில் ஏறின ஒன்றுக்குப் பேர் இருந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை, நானே மோந்து கண்டுபிடித்துவிட்டேன்! யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போல இருந்தது. ஓடினேன் கேன்டீனுக்கு. அடுப்புக்கு முன்னால் அந்தம்மா, கேன்டீனை எடுத்து நடத்துகிறவர், அதுவரை ஒரு டீ என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசினதில்லை. வாயைத் திறந்தேன். கு. கு. கு. அப்போதுதான் உறைத்தது, படுபாவி, அதுவும் கானா! நாலு வருஷம் சொல் சொல்லாகத் திருடினவன், முதன்முதலாக ஆசைப்பட்ட சொல், அது போய்க் கானாவில் நிற்கிறது! பின்னால் வரிசையில் நின்றவர்களுக்குப் பொறுக்குமா? "குருமாவா சார்?" "குழம்பு கேக்குறாரும்மா." "குஸ்காவா?" ஊரில் இருக்கிற கு எல்லாம் வந்துவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில் ஆமாம் என்று ஏதோ ஒன்றை வாங்கித் தின்றுவிட்டுப் போய்விடுவேன், எத்தனையோ நாள் வேண்டாததையெல்லாம் தின்றிருக்கிறேன். அன்றைக்கு முடியாது என்று நின்றேன். அந்தம்மா அடுப்பைத் தணித்தார். கரண்டியைக் கீழே வைத்தார். பின்னால் நின்றவர்களைப் பார்த்து, "சும்மா இருங்க, அவரு சொல்லட்டும்" என்றார். சொன்னேன். குய். அப்படின்னா என்றார். இந்த வாசனைக்கான சொல், உங்க அடுப்புலருந்து வருதே, அது. அவர் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அடி ஆத்தி, இத்தனை நாளும் பேரு தெரியாமயா தாளிச்சுக்கிட்டு இருந்தேன்?"

வாழ்த்துரையில் வள்ளல், ஏற்றம், போற்றுதல் என்று என்னென்னவோ வந்து போகிறது. சிற்றரசு அய்யா கண்ணாடியைத் துடைக்கிறார், அவர் எழுந்துவிடுவார் போலிருக்கிறது. அந்தம்மாதான் கஸ்தூரி, கேன்டீனுக்கு அன்றிலிருந்து தினம் ஒரு சொல் கொண்டுபோனேன். பூ வாங்கிக் கொடுத்தவன் உண்டு, வளையல் வாங்கிக் கொடுத்தவன் உண்டு, நான் அசும்பு கொண்டுபோனேன். பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பின்னால் எப்போதும் தண்ணீர் கசிந்து வழுக்கிக்கொண்டே கிடக்குமே தரை, அதுதான் அசும்பு என்றேன். அவள் எட்டிப் பார்த்து, "ஆமா, அசும்பாத்தான் இருக்கு" என்றாள், ஏதோ அது அன்றைக்குத்தான் அங்கே வந்த மாதிரி. பால் திருடுகிற கடுவன் பூனைக்கு வெருகு. மழை நாளில் ஜன்னல் கம்பியில் பட்டு முகத்தில் தெறிக்கிறதே பொடிப்பொடியாக, அது துவலை. சில சொல்லை வாயில் போட்டு மென்று பார்த்து, "இது கல்லு மாதிரி இருக்கு, வேற கொண்டாங்க" என்று திருப்பிக்கூட அனுப்பியிருக்கிறாள், உப்புப் பார்க்கிற மாதிரிதான் சொல்லையும் பார்ப்பாள். அவளுக்காகத்தான் செய்யுளைச் செய்யுளாகப் படிக்க ஆரம்பித்தேன், பின்பக்கம் இருக்கிற புத்தகத்தில்கூடப் பின்பக்கத்தைப் பார்க்கக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டு. தெரியாத சொல் ஒன்று வந்தால் எனக்கு இப்போதெல்லாம் உடம்பே சிலிர்க்கிறது, அதில் கானா இருக்கா பானா இருக்கா என்று பார்ப்பதுகூட மறந்துபோகிறது. எல்லாம் சரிதான். ஒருநாள் கல்லாவில் கையூன்றிக்கொண்டு கேட்டாள், "ஊர்ல உள்ளதுக்கெல்லாம் பேரு கொண்டாறீங்க, எம் பேரச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டதில்ல, தெரியுமா?" தெரியாமல் என்ன? ஏங்க, இந்தாங்க, ஹலோ, இவற்றை வைத்தே காதலித்தவன் நான். அந்த வாரம் முழுக்கத் தேடினேன், கிடைத்தது பாருங்கள் ஒரு செய்யுளில், நானம்! கஸ்தூரிக்கு நானம்! வாசனையும் அதே, பொருளும் அதே, கானாவும் இல்லை! தல்லாகுளம் வரைக்கும் போகிற பஸ்ஸில் எனக்கு உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே வந்தேன் அந்தச் சந்தோஷத்தில். நானம் என்று கூப்பிட்டேன். முகம் மலர்ந்துதான் போனாள், இல்லை என்று சொல்லக்கூடாது. ரெண்டு நாள் கழித்து மெதுவாகச் சொன்னாள். "நல்லாத்தாங்க இருக்கு. ஆனா நீங்க அப்படிக் கூப்பிடுறப்ப, வேற யாரையோ கூப்பிடுறீகன்னு திரும்பிப் பாக்கத் தோணுது."

அதுதான் இன்னும் இங்கே குத்திக்கொண்டு நிற்கிறது. அதுக்கப்புறம் நானம் என்று கூப்பிடவில்லை. கஸ்தூரி என்றும் கூப்பிடவில்லை. அவள் அண்ணன் மதியழகன், தங்கமான மனுஷன், நேற்று வந்து தோளில் கைபோட்டு, "மாப்ள, நீங்க ஒண்ணும் பேச வேணாம், அய்யாவே வாசிச்சிருவாரு, நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்" என்றார். பூம்பூம் மாடா நான்? வந்த ஆத்திரத்தில் தூக்கம் போய்விட்டது, உட்கார்ந்து உறுதிமொழியை நானே திருத்தி எழுதிவிட்டேன். உங்கள் முன்னிலையில், நான், இவரை என் வாழ்வின் துணையாய் மனமார ஏற்றுக்கொள்கிறேன். பாருங்கள், ஒரு இடத்தில் முட்டுகிறதா? கண்ணாடி மாதிரி! ஒரு கானா கிடையாது, ஒரு பானா கிடையாது, என் வித்தை மொத்தமும் அதில் இருக்கிறது. இதைச் சொன்னால் நான் திக்குவாயன் என்று மண்டபத்தில் ஒருத்தனுக்கும் தெரியாது. அவளிடம் காலையில் காட்டினேன், வாசித்துவிட்டு, "எப்படிச் சொன்னாலும் எனக்குச் சம்மதந்தாங்க" என்றாள். சம்மதம்தான். வாசித்து முடித்ததும் தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஒருமுறை பார்த்தாள், அங்கே ஏதாவது இருக்கும் என்கிற மாதிரி. அய்யா எழுந்துவிட்டார். "இப்போது மணமகன் உறுதிமொழி ஏற்பார்." மைக் என் கைக்கு வந்துவிட்டது, கனக்கிறது, எழுந்து நிற்கிறேன், எத்தனை தலை, எத்தனை தலை, முன்வரிசையில் எங்கப்பா கண்ணை மூடிக்கொண்டார். "உங்கள் முன்னிலையில்," வருகிறது, அடேயப்பா, என் குரலா இது, அந்தக் கடைசிச் சுவரில் போய்ப் பட்டுத் திரும்புகிறது, "நான்," அதுவும் வந்துவிட்டது, அடுத்தது இவரை, நாக்கு நுனியில் தயாராக உட்கார்ந்திருக்கிறது, கதவு திறந்தே கிடக்கிறது, சும்மா மூச்சை விட்டால் போதும், இவரை. எவரை? கஸ்தூரி என்னைப் பார்க்கவில்லை, மைக்கைப் பார்க்கிறாள், எது வந்தாலும் சிரிக்கத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டு. அந்த முகம்தான் என்னால் தாங்க முடியவில்லை. இவரை என்றால் மைக் செட்டுக்காரரையும் சொல்லலாம், அய்யாவையும் சொல்லலாம். கதவைத் திறந்து அடுத்தது என்று கூப்பிடுகிற மாதிரிதானே இது. வாயை மூடுகிறேன். திறக்கிறேன். க.

சாத்திக்கொண்டது. க. க. மைக்கில் அது மண்டபம் முழுக்கக் கேட்கிறது, எக்ஸ்ரே படம் மாதிரி என் தொண்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்த மாதிரி. க. முன்வரிசையில் ஒருத்தர் உதட்டை அசைத்துக் காட்டுகிறார், கஸ்தூரி, கஸ்தூரி, எனக்கு அவள் பேர் மறந்துவிட்டதாக நினைக்கிறார். மச்சான் பின்னாலிருந்து, "இவரைன்னு சொல்லிருங்க மாப்ள" என்கிறார். நானம் ஓடி வந்து நிற்கிறது, நான் வரவா என்று. நீ போ, நல்ல சொல்தான், உன்மேல் ஒரு குறையும் இல்லை, இப்போது போ. க. வழக்கமாகக் காலைத் தரையில் தட்டுவேன், கண்ணை இறுக்கிக்கொள்வேன். இன்றைக்குக் கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறேன். அவள் இப்போது மைக்கைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்க்கிறாள், அந்தச் சிரிப்பு போய்விட்டது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, கண் அகலமாக இருக்கிறது, வரப்போகிறது என்பதை நம்ப முடியாதவள் மாதிரி. க. நான் எங்கேயும் மாட்டிக்கொண்டு நிற்கவில்லையே, அவள் பேருக்குள்ளேதானே நிற்கிறேன், முதல் எழுத்தில், இன்னும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பேன், தலைக்கு மேலே இந்த ஃபேன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சுற்றட்டும். க. க. "கஸ்தூரியை!" வந்துவிட்டது! சாப்பாட்டுக் கூடத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்க்கிறார்கள், அவ்வளவு சத்தம். மீதி எல்லாம் தண்ணீர், என் வாழ்வின் துணையாய் மனமார ஏற்றுக்கொள்கிறேன், சொன்னேனா, சொல்லிவிட்டேன், கைதட்டுகிறார்கள், அய்யா மைக்குக்குக் கையை நீட்டுகிறார். "இருங்கய்யா" என்கிறேன். "க," மறுபடியும் சாத்துகிறது, சாத்தட்டும், "க, கஸ்தூரி." உறுதிமொழியில் அந்த இடத்தில் அவள் பேர் கிடையாது. தாளைப் பார்த்துக்கொண்டிருந்த அய்யா நிமிர்கிறார், எந்த வரி என்று புரியாமல். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்கிறாள்.

"என்னங்க?"

சொல்ல ஒன்றும் இல்லை. சும்மாதான் கூப்பிட்டேன்.